இருவருக்கு ஒரு சிறகு: டேண்டம் பாராகிளைடிங் கேள்வி-பதில்

பைலட்டோடு சேர்ந்து ஒரே கிளைடரில், அதாவது துணியால் ஆன ஒரே சிறகில், பறக்கும் டேண்டம் பாராகிளைடிங் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் முக்கால்வாசி, ஹிமாச்சலப் பிரதேசத்தின் பீர்-பில்லிங் பயணத்தை ஒட்டியே இருந்தன. பதில்களும் அந்த மலையைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. கேரளத்தின் வாகமனுக்கோ வேறு மலைகளுக்கோ போகிறவர்களுக்கும் உயரக் கணக்கைத் தவிர மற்றவை பொருந்தும்.

கே: அக்டோபரில் குடும்பத்தோடு பீர் போகிறோம். ஓர் ஏஜென்ட் 15 நிமிடம் பறக்கலாம் என்கிறார். இன்னொருவர் கூடுதல் கட்டணம் கேட்டு, 30 நிமிடம் உறுதி என்கிறார். இருவரும் ஒரே மலையிலிருந்துதான் பறக்கிறார்களாம். எதை நம்புவது? (திருப்பூர் வாசகர்)

ப: கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். கிளம்பும் இடமான பில்லிங் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இறங்கும் மைதானம் பீர் ஊரை ஒட்டி, ஏறத்தாழ 900 மீட்டர் கீழே. மேலெழும் காற்று எதுவும் கிடைக்காவிட்டால், இருவரைச் சுமந்த கிளைடர் நொடிக்கு 1.2 முதல் 1.5 மீட்டர் வரை இறங்கிக்கொண்டே இருக்கும். 900ஐ 1.3ஆல் வகுத்தால் 690 நொடி சொச்சம். பன்னிரண்டு நிமிடம்கூடத் தேறாது.

அதற்கு மேல் கிடைப்பதெல்லாம் காற்று கொடுப்பது. வெயிலில் சூடான மலைச்சரிவிலிருந்து எழும் வெப்பக் காற்றைப் பைலட்கள் தெர்மல் என்பார்கள். அதைப் பிடித்து வட்டமடித்தால் அரை மணி நேரம் பறக்கலாம், ஒரு மணி நேரமும் பறக்கலாம். காலை எட்டு மணிக்கு அது கிடையாது. மேகம் மூடிய நாளிலும் கிடையாது. ஆக, '30 நிமிடம் உறுதி' என்கிறவர் காற்றின் சார்பில் வாக்குக் கொடுக்கிறார். 'தெர்மல் கிடைத்தால் 30, கிடைக்காவிட்டால் 12, அப்போது கட்டணம் இவ்வளவு குறையும்' என்று முன்கூட்டியே சொல்கிறவரைத் தேடுங்கள்.

மாதத்தைச் சரியாகத் தேர்ந்திருக்கிறீர்கள். ஹிமாச்சலில் ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை மழைக்காலத் தடை. அது முடிந்தபின் அக்டோபரிலும் நவம்பரிலும் வானம் தெளிந்து, தெர்மலும் மிதமாக இருக்கும். 2015இல் பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டி பீரில் நடந்தது அக்டோபரில்தான். ஏப்ரல், மே மாதங்களில் தெர்மல் முரட்டுத்தனமானது. அனுபவமுள்ளவர்களுக்கு அது விருந்து, முதல்முறை வருகிற பயணிக்கு வெறும் குலுக்கல். குழந்தைகளோ பெரியவர்களோ கூட வந்தால் நடுப்பகலைத் தவிர்த்து, காலை பத்து மணி வாக்கிலோ பிற்பகல் மூன்றரைக்கு மேலோ கேளுங்கள்.

கே: என் எடை 96 கிலோ. ஓரிடத்தில் முடியாது என்றார்கள். பக்கத்துக் கடையில் உடனே பில் போட்டார்கள். முதல் ஆள் வீணாகப் பயமுறுத்தினாரா? இரண்டாம் ஆள் என் உயிரோடு விளையாடினாரா? (மதுரை வாசகர்)

ப: இருவருமே சரியாக இருந்திருக்கலாம். பயணிக்கென்று தனியாக ஓர் எடை வரம்பு கிளைடரில் இல்லை. தரையை விட்டு எழும் அத்தனையும் சேர்த்துத்தான் வரம்பு. டேண்டம் கிளைடர்கள் பெரும்பாலும் 38 முதல் 42 சதுர மீட்டர் பரப்புள்ளவை. குறைந்தபட்ச, அதிகபட்ச எடையைத் துணியில் ஒட்டியிருக்கும் சான்றிதழ் லேபிளில் அச்சிட்டிருப்பார்கள். பரவலாகப் புழங்கும் அளவு ஒன்றில் அது 120 முதல் 220 கிலோ வரை.

உங்கள் கணக்கு இது. நீங்கள் 96, பைலட் 72 என்று வைத்துக்கொள்வோம். கிளைடர் 8 கிலோ, இரண்டு ஹார்னஸ் (உடலைத் தாங்கும் பட்டை இருக்கை) சேர்ந்து 8, ரிசர்வ் எனப்படும் அவசரகாலப் பாராசூட் மூன்றரை. ஸ்ப்ரெடர் பார் (இருவரையும் கிளைடரோடு சேர்க்கும் சட்டம்), காரபைனர் (இணைப்புக் கொக்கி), ஹெல்மெட், ஷூ, ஜாக்கெட், ரேடியோ, தண்ணீர் எல்லாம் சேர்ந்து ஏழரை. கூட்டினால் 195. வரம்புக்குள் தாராளமாக இருக்கிறது. பைலட்டே 95 கிலோ ஆளாக இருந்தால் 218 ஆகி, விளிம்பில் நிற்கும். ரிசர்வ் பாராசூட்டுக்கும் தனி வரம்பு உண்டு. கிளைடர் தாங்கும், ரிசர்வ் தாங்காது என்ற நிலையும் வரலாம். முதலாமவர் மறுத்தது தன் எடையையும் சேர்த்துக் கணக்குப் போட்டதால் இருக்கலாம். இரண்டாமவர் ஒல்லியான பைலட்டை மனதில் வைத்துச் சொல்லியிருக்கலாம். கணக்கே போடாமல் சொல்லியிருந்தால்தான் தவறு. உங்கள் எடையைக் கேட்காமலே பில் போடுகிற கடையில் பறக்காதீர்கள்.

மறுப்புக்கு இன்னொரு காரணம், ஓட்டம். எடை 160 கிலோவிலிருந்து 195 ஆனால், கிளைடர் எழுவதற்கு வேண்டிய வேகம் பத்து சதவீதம் கூடும். 2,400 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு. அதனால் இன்னும் 12 சதவீதம் கூடும். கடல் மட்டத்தில் 160 கிலோவோடு மணிக்கு 24 கி.மீ. வேகத்தில் எழும் கிளைடர், பில்லிங்கில் உங்களைச் சுமந்து எழ ஏறத்தாழ 30 கி.மீ. கேட்கும். எதிர்க்காற்று 12 கி.மீ. இருந்தால் மீதி 18ஐ உங்கள் இருவரின் கால்கள் கொடுக்க வேண்டும். சரிவான புல்வெளியில் அது நல்ல ஓட்டம். காற்று அசையாத காலையில் கனமான பயணியைத் தள்ளிப்போட்டு, பதினோரு மணிக்குக் காற்று எழுந்ததும் பறக்க வைப்பதற்கு இதுதான் காரணம்.

எடை குறைந்தாலும் சிக்கல்தான். 25 கிலோ குழந்தை, 60 கிலோ பைலட், மேலே சொன்ன 27 கிலோ உபகரணம் சேர்ந்தால் மொத்தம் 112. லேபிளில் உள்ள 120ஐத் தொடவில்லை. சுமை குறைந்தால் துணியில் இழுவிசை குறையும், குலுக்கலில் கிளைடர் சீக்கிரம் மடங்கும், எதிர்க்காற்றில் முன்னேறவும் திணறும். சிறிய அளவு கிளைடரோ கனமான பைலட்டோ வேண்டும். குழந்தைக்கு ஏற்ற ஹார்னஸும் வேண்டும். பெரியவர் ஹார்னஸைக் கடைசித் துளைவரை இறுக்கி உட்கார வைப்பதை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கே: பெல்ட் எல்லாம் சரியாகப் போட்டார்களா என்று பயணியால் சரிபார்க்க முடியுமா? எதைப் பார்க்க வேண்டும்? (நாகர்கோவில் வாசகி)

ப: முடியும், செய்யவும் வேண்டும். 2024 பிப்ரவரியில் குல்லுப் பகுதியில் டேண்டம் பறத்தலின்போது ஒரு பெண் பயணி கீழே விழுந்து இறந்தார். அவருடைய பெல்ட் சரிபார்க்கப்படவில்லை என்றே முதற்கட்ட விசாரணையில் சொல்லப்பட்டது. கிளைடர் கிழிவதும் கயிறு அறுவதும் மிக அரிது. பக்கிள் மாட்ட மறப்பது அப்படி அரிதல்ல.

பயணியின் ஹார்னஸில் மூன்று இடங்களைப் பாருங்கள். இரண்டு தொடைப் பட்டைகள், ஒரு மார்புப் பட்டை. உயிரைத் தாங்குவது தொடைப் பட்டைகள்தான். மார்புப் பட்டை தோள்பட்டைகள் விலகாமல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவே. தொடைப் பட்டை மாட்டாமல் மார்புப் பட்டையை மட்டும் மாட்டி நின்றால் தரையில் எந்த வித்தியாசமும் தெரியாது. முதுகில் ஹார்னஸ் கச்சிதமாக இருக்கும், ஓடவும் முடியும். கால் தரையை விட்ட மறுகணம் உடல் கீழே வழுகும். அப்புறம் கையால் பிடித்துத் தொங்குவதுதான் மிச்சம். பைலட் பின்னால் இருந்து இரண்டு கையாலும் பிரேக்கை (கிளைடரைத் திருப்பவும் வேகம் குறைக்கவும் இழுக்கும் கைப்பிடிகளை) பிடித்திருக்கிறார், அவரால் உங்களைத் தூக்க முடியாது. புதிய ஹார்னஸ்கள் பலவற்றில் தொடைப் பட்டைகள் மார்புப் பக்கிளோடு இணைந்தே இருக்கும், மேலே மாட்டினால் கீழும் மாட்டிய கணக்கு. உங்களுக்குக் கொடுப்பது அந்த வகைதானா என்று கேளுங்கள்.

பக்கிள் 'க்ளிக்' என்று சத்தம் கேட்க மாட்ட வேண்டும். மாட்டிய பின் ஒவ்வொன்றையும் நீங்களே ஒருமுறை வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். மணலோ புல்லோ சிக்கிய பக்கிள் பாதி பூட்டிக்கொண்டு, பூட்டியதுபோல நடிக்கும். அடுத்து, உங்கள் இரண்டு தோள் பக்கமும் ஹார்னஸை ஸ்ப்ரெடர் பாரில் இணைக்கும் காரபைனர்கள். ஸ்ப்ரெடர் பார் என்பது உங்களையும் பைலட்டையும் கிளைடரோடு சேர்க்கும் பட்டைச் சட்டம், இடது வலது என்று இரண்டு இருக்கும். காரபைனரின் வாய் முழுதாக மூடி, பூட்டு திரும்பியிருக்க வேண்டும். கடைசியில் ஹெல்மெட்டின் தாடைப் பட்டை. ஒரு விரல் நுழைந்தால் போதும்.

மறதி எப்போது நுழைகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். எல்லாம் மாட்டிய பிறகு காற்றுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் கழிப்பறைக்குப் போவீர்கள், உள்ளே ஸ்வெட்டர் போடுவீர்கள், போட்டோவுக்காகக் கழற்றுவீர்கள். திரும்பி வந்து மார்புப் பட்டையை மட்டும் மாட்டிக்கொண்டு வரிசையில் நிற்பீர்கள். உதவியாளர், ஏற்கெனவே சரிபார்த்த ஆள்தானே என்று விட்டுவிடுவார். ஒரு பட்டையைக் கழற்றினாலும் முதலிலிருந்து எல்லாவற்றையும் பாருங்கள். ஓடத் தொடங்கும் முன் பைலட்டிடம் 'கால், கால், மார்பு, இரண்டு காரபைனர்' என்று தொட்டுக் காட்டுங்கள். நல்ல பைலட் எரிச்சல்பட மாட்டார்.

சிவப்பு அல்லது வேறு பளிச்சென்ற நிறத்தில் ஒரு கைப்பிடி இருக்கும். ரிசர்வ் பாராசூட்டின் கைப்பிடி அது. பயணி தொடக் கூடாது. பிடிமானம் தேடும் கை அதைப் பற்றிக்கொண்டால், தேவையே இல்லாத நேரத்தில் ரிசர்வ் வெளியே வரும்.

கே: எனக்கு ஹிந்தி சுத்தமாகத் தெரியாது. டேக்-ஆஃப் நேரத்தில் பைலட் கத்துவது புரியாமல் நான் ஏதாவது தப்பாகச் செய்துவிட்டால்? (கோவை வாசகி)

ப: அவர் கத்துவது நான்கைந்து சொற்கள்தான். 'தௌடோ' என்றால் ஓடு. 'தௌட்தே ரஹோ' என்றால் ஓடிக்கொண்டே இரு. 'பைட்னா நஹீன்' என்றால் உட்காராதே. 'ருகோ' என்றால் நில். இறங்கும்போது 'பைர் ஊப்பர்' என்றால் காலைத் தூக்கு, 'கடே ஹோ' என்றால் எழுந்து நில். மேலே ஏறும் ஜீப்பிலேயே மனப்பாடம் செய்துவிடலாம். ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னாலும் சொல்வார்கள், ஆனால் அவசரத்தில் வாயில் வருவது தாய்மொழிதான்.

சொல்லைவிடச் செயல் முக்கியம். நீங்கள் முன்னால், பைலட் உங்கள் முதுகை ஒட்டிப் பின்னால். கிளைடர் அதற்கும் பின்னால் தரையில் விரித்திருக்கும். பைலட் சொன்னதும் உடலைச் சற்று முன்னால் சாய்த்து நடந்தபடி இழுக்கத் தொடங்குங்கள். முதல் இரண்டு மூன்று அடியில் யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல இருக்கும். கிளைடரில் காற்று நிரம்பித் தலைக்கு மேல் ஏறுகிற நேரம் அது. புதியவர்கள் பலர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். நின்றால் பாதி ஏறிய கிளைடர் பின்னால் சரியும், அல்லது ஒரு பக்கமாக விழும். இழுப்பைத் தாங்கி நடந்தால் அடுத்த கணம் கனம் குறையும். அப்போது நடை ஓட்டமாக வேண்டும்.

மிகப் பெரிய தவறு அதற்கடுத்து வருகிறது. ஐந்தாறு அடியில் கால் லேசாவதை உணர்ந்ததும் பயணி உட்கார்ந்துவிடுவார், சிலர் குதிப்பார்கள். கிளைடர் அப்போது பாதி எடையைத்தான் தாங்கத் தொடங்கியிருக்கும். நீங்கள் உட்கார்ந்தால் ஓட்டம் நிற்கும், வேகம் குறையும், மீதி எடை பைலட்டின் முழங்கால் மேல் விழும். இருவரும் சேர்ந்து சரிவில் உருளுவார்கள். டேண்டம் டேக்-ஆஃபில் கணுக்கால் உடைவது பெரும்பாலும் இப்படித்தான். குதித்தால் ஒரு கணம் பட்டைகளில் எடை இல்லாமல் போய், மறுகணம் திடீரென்று விழும். கிளைடர் முன்னால் பாய்ந்து மடங்கவும் கூடும். தரை காலுக்குக் கீழே இல்லாமல் போன பிறகும் காற்றில் இரண்டடி ஓடுங்கள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். உட்காரலாம் என்று பைலட் சொன்ன பிறகு உட்காருங்கள்.

'ருகோ' என்று கேட்டால் கேள்வி கேட்காமல் அங்கேயே நில்லுங்கள். கிளைடர் கோணலாக ஏறியிருக்கும், அல்லது ஒரு கயிற்றில் முடிச்சு தெரிந்திருக்கும். பத்து முறை நிறுத்தி மறுபடி விரிக்கிற பைலட்தான் நல்ல பைலட்.

முன்னாலிருந்து உங்கள் ஹார்னஸைப் பிடித்து இழுத்து ஓட உதவுகிற பையன்களைப் பில்லிங்கில் பார்ப்பீர்கள். உங்கள் கையில் அவர்கள் கையைப் பின்னிக்கொள்ள விடாதீர்கள். பட்டைக்குள் விரலை விட்டுப் பிடித்த உதவியாளர் விடுபட முடியாமல் கிளைடரோடு மேலே போய் விழுந்தால் பிழைப்பது கடினம்.

கே: இறங்கும்போது காலை மடக்க வேண்டுமா, நீட்ட வேண்டுமா? இணையத்தில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். (தஞ்சாவூர் வாசகர்)

ப: இரண்டும் உண்டு. எதிர்க்காற்று நன்றாக இருந்தால் தரையைத் தொடும் வேகம் நடை வேகம்தான். எழுந்து நின்று இரண்டடி ஓடினால் போதும். காற்றே இல்லாவிட்டால் கடைசி நேரத்தில் வேகம் அதிகம். அப்போது பயணியைக் கால் நீட்டித் தூக்கச் சொல்லி, ஹார்னஸின் அடிமெத்தையால் புல்லில் சறுக்கி இறங்குவார்கள். அந்த மெத்தை முதுகெலும்பைக் காக்கத்தான் இருக்கிறது. எது என்று தீர்மானிப்பது பைலட். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: பயத்தில் ஒரு காலை மட்டும் தரையைத் தொட நீட்டுவது. முழங்கால் முறுக்கிக்கொள்ளும்.

பைலட் இரண்டு பிரேக்கையும் முழுதாக இழுக்கும் கடைசி நொடியில் கிளைடர் கிட்டத்தட்ட நின்றுவிடும், பிறகு பின்னால் விழும். இறங்கியாயிற்றே என்று நீங்கள் சட்டென்று உட்கார்ந்தால் அவர் உங்கள் மேல் விழுவார். அவர் சொல்லும்வரை நில்லுங்கள். சொன்னதும் மைதானத்தை விட்டு நகருங்கள், அடுத்த கிளைடர் தலைக்கு மேல் வந்துகொண்டிருக்கும்.

உங்கள் கால்தான் முதலில் இடிக்கிறது, பைலட் உயரத்தில் இருக்கிறார் என்றால் ஸ்ப்ரெடர் பாரில் மாட்டிய இடம் சரியில்லை. அதில் எடைக்கேற்ற சில மாட்டுப் புள்ளிகள் உண்டு. கனமானவர் நடுப்புள்ளிக்கு அருகில் வர வேண்டும். தராசுக் கணக்குத்தான்.

கே: சேலையில் பறக்கலாமா? (சேலம் வாசகி)

ப: கூடாது. முந்தானை, துப்பட்டா, தொங்கும் கயிறு எல்லாமே கயிறுகளிலும் பைலட்டின் பிரேக்கிலும் சிக்கும். தொடைப் பட்டையும் சேலைக்கு மேல் சரியாக உட்காராது. பேன்ட், முழுக்கைச் சட்டை, கணுக்காலை மூடும் ஷூ, காற்று புகாத ஜாக்கெட். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி வெப்பம் குறையும், முகத்தில் மணிக்கு நாற்பது கி.மீ. காற்றும் அடிக்கும். கூந்தலைப் பின்னி ஜாக்கெட்டுக்குள் விட்டுவிடுங்கள். செருப்போடு வந்தால் சிலர் வாடகை ஷூ தருவார்கள். அளவு பொருந்தாத ஷூவில் ஓடுவதைவிட உங்கள் சொந்த ஷூ மேல்.

கே: பஸ்ஸிலேயே வாந்தி வரும் எனக்கு. (புதுச்சேரி வாசகர்)

ப: வர வாய்ப்பு இருக்கிறது, தடுக்கவும் வழி இருக்கிறது. வெறும் வயிறும் வேண்டாம், பூரி மசாலாவும் வேண்டாம். ஒன்றரை இரண்டு மணி நேரத்துக்கு முன் இட்லி அளவில் ஏதாவது சாப்பிடுங்கள். பீரிலிருந்து பில்லிங் ஏறும் வளைவுப் பாதையே பலருக்கு முதல் சோதனை. முன் இருக்கை கேட்டு வாங்குங்கள். மேலே போனதும் கால்மணி ஓய்வெடுங்கள்.

காற்றில் கேமராத் திரையையோ காலுக்குக் கீழேயோ பார்க்காமல் தூரத்து மலை விளிம்பைப் பாருங்கள். வட்டமடித்து ஏறும்போதுதான் குமட்டும். வாயில் எச்சில் ஊறத் தொடங்கியதுமே பைலட்டிடம் சொல்லுங்கள். அவர் வட்டத்தை விட்டு நேராகப் பறப்பார், அதற்குள் பாதி சரியாகிவிடும். வெட்கப்பட்டு அடக்கிக்கொண்டால் அவருக்குத்தான் நஷ்டம், காற்று பின்பக்கமாக அடிக்கிறது. மருத்துவரைக் கேட்டு மாத்திரை போட்டுக்கொள்ளலாம். தூக்கம் வரும் மாத்திரை என்றால் ஓட்டத்தில் கால் தளரும், முதல் நாளே போட்டுப் பார்த்துவிடுங்கள்.

கே: நண்பர்கள் எல்லோரும் 'ஸ்டண்ட்' போட்டு வீடியோ எடுத்திருக்கிறார்கள். பைலட்டைக் கேட்டால் செய்வாராம். கேட்கலாமா? (திண்டுக்கல் வாசகர்)

ப: மிதமாக இடம் வலமாக ஆடுவதைக் கேட்கலாம். ஸ்பைரல் எனப்படும் சுருள் இறக்கத்தை முதல் பறத்தலில் கேட்காதீர்கள். அதில் கிளைடர் மூக்கைக் கீழே திருப்பிச் சுழலும். நொடிக்குப் பத்துப் பதினைந்து மீட்டர் இறங்கும். உங்கள் எடை மூன்று மடங்காகி ஹார்னஸில் அழுத்தும். தலையிலிருந்து ரத்தம் கீழிறங்கும், பழக்கமில்லாதவருக்குக் கண் இருட்டும். மயங்கிய பயணி தளர்ந்து சாய்ந்தால் பைலட்டால் தன் எடையை மாற்றி வெளியே வருவது கடினமாகும். டேண்டத்தில் பிரேக்கின் இறுக்கமும் அதிகம், தாமதமானால் கை சோர்ந்துவிடும். அதிகச் சுமையில் தினமும் ஸ்பைரல் போட்டால் கயிறுகளும் சீக்கிரம் தேயும். கூடுதல் காசுக்கு யாருக்கு வேண்டுமானாலும் செய்கிறேன் என்கிறவர், நாளைக்குப் பறக்கப் போகிறவரின் கயிற்றையும் சேர்த்து விற்கிறார்.

கே: செல்ஃபி ஸ்டிக் கொண்டு போகலாமா? (திருநெல்வேலி வாசகர்)

ப: பைலட் கொடுக்கும் ஸ்டிக்கை, அவர் கொடுத்த பிறகு, மணிக்கட்டில் கயிறு மாட்டிக்கொண்டு பிடிக்கலாம். உங்களுடையதும் உங்கள் போனும் வேண்டாம். டேக்-ஆஃபிலும் இறங்கும்போதும் கையில் ஒன்றும் இருக்கக் கூடாது. ஸ்டிக்கைத் தலைக்கு மேல் நீட்டினால் கயிறுகளுக்குள் நுழைந்து பிரேக்கைத் தடுக்கும்.

கே: மூன்று மணி நேரம் மேலே காக்க வைத்து, வானம் நீலமாக இருந்தும் 'இன்று இல்லை' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏமாற்றுவேலையா? (ஈரோடு வாசகர்)

ப: பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்களா, அல்லது மறுநாள் நேரம் கொடுத்தார்களா? கொடுத்திருந்தால் ஏமாற்றில்லை, நல்ல ஆட்களிடம் மாட்டியிருக்கிறீர்கள். நீல வானம் பறக்க அனுமதி அல்ல. டேண்டத்துக்கு மணிக்கு 8 முதல் 20 கி.மீ. வரையிலான சீரான எதிர்க்காற்று வசதி. 25ஐத் தாண்டினால் பெரும்பாலான பைலட்கள் நிறுத்திவிடுவார்கள். கிளைடரின் இயல்பு வேகமே சுமார் 38, 40தான். எதிரே 35 அடித்தால் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே தொங்கும், இன்னும் கூடினால் மலைக்குப் பின்னால் தள்ளப்படும். அங்கே காற்று சுருண்டு விழும், அதில் சிக்கிய கிளைடர் மடங்கும்.

சராசரியைவிட ஏற்ற இறக்கம் ஆபத்து. நிலையான 20 நல்லது. 8க்கும் 24க்கும் மாறி மாறி அடிப்பது கெட்டது. காற்று பின்னாலிருந்து வந்தால், லேசாக இருந்தாலும், எழுவது கடினம். எதிர்க்காற்று குறைக்கும் ஓட்டத்தைப் பின்காற்று கூட்டிவிடும்.

மேகத்தையும் பாருங்கள். பில்லிங்குக்குப் பின்னால் இருப்பது தௌலாதார் மலைத்தொடர். பிற்பகலில் அதன்மேல் மேகம் காலிஃபிளவர்போல உயரே வளர்ந்து அடி கறுத்தால் இடிமேகம் ஆகப்போகிறது என்று பொருள். அது உங்கள் தலைக்கு மேல் வர வேண்டியதில்லை. இருபது கி.மீ. தள்ளி மழை கொட்டினாலும் அதிலிருந்து சரிந்து வரும் குளிர்காற்று சில நிமிடங்களில் பள்ளத்தாக்கைப் புரட்டிவிடும். மேகத்தின் அடியிலோ, பெரிய கிளைடரைக்கூட உள்ளே இழுத்துக்கொள்ளும் மேலெழும் காற்றோட்டம் இருக்கும். இவையெல்லாம் கீழே நிற்கும் பயணிக்கு நீல வானமாகவே தெரியும். முன்பணம் கொடுக்கும்போதே 'காற்றால் ரத்தானால் முழுப் பணம் திரும்ப' என்று எழுதி வாங்குங்கள். அப்படி எழுதித் தராத இடத்தில், பணத்தைத் திருப்பாமலிருக்கப் பைலட்டைக் கெட்ட காற்றில் தள்ளும் நெருக்கடி எப்போதும் இருக்கும்.

கே: என் மகனுக்கு 21 வயது. டேண்டம் பைலட் ஆகி, சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சம்பாதிக்க வேண்டும் என்கிறான். எத்தனை மாதப் படிப்பு? (சென்னை வாசகர்)

ப: மாதக் கணக்கில் யோசித்தால் தவறு, ஆண்டுக் கணக்கில் யோசியுங்கள். பி1, பி2, பி3 என்று வழங்கும் தனிப் பறத்தல் படிநிலைகளுக்கு மகாராஷ்டிரத்தின் காம்ஷெட், பீர் ஆகிய இடங்களில் பள்ளிகள் இருக்கின்றன. மணாலியில் உள்ள அடல் பிஹாரி வாஜ்பாய் மலையேற்றக் கல்வி நிறுவனமும் பாராகிளைடிங் பயிற்சி தருகிறது. அது அடிவாரம். அதன் பின் பல பருவங்கள் தனியாகப் பறந்து, வெவ்வேறு மலைகளையும் முரட்டுத் தெர்மலையும் பார்த்திருக்க வேண்டும். ஏரிக்கு மேலே கிளைடரை வேண்டுமென்றே மடக்கி மீட்கும் எஸ்.ஐ.வி. பயிற்சி முடித்திருக்க வேண்டும். அதற்கடுத்துத்தான் டேண்டம் பயிற்சி. அதிலும் முதலில் ஏற்றுவது சக பைலட்களை, புதிய பயணிகளை அல்ல. தப்பு நடந்தால் முன்னால் இருப்பவருக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்க வேண்டுமே. ஹிமாச்சலில் பயணி ஏற்ற, பைலட்டும் உபகரணமும் மாநிலச் சுற்றுலாத் துறையில் பதிவாகியிருக்க வேண்டும். பயணிகளாகப் போகிறவர்களும் அந்த உரிமத்தைக் கேட்டுப் பார்க்கலாம்.

மகனுக்குத் தரையில் கிளைடரை ஆட்டிப் பழகும் பொறுமை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பறக்காத நாட்களில் மைதானத்தில் மணிக்கணக்காகக் கிளைடரைத் தலைக்கு மேல் நிறுத்திப் பழகியவர்தான் பயணியோடு நிதானமாக எழுவார்.

தொழிலாகச் செய்பவருக்கு இன்னொரு செலவுக் கணக்கும் உண்டு. ஒரு நாளைக்கு ஆறு பறத்தல், ஒன்று இருபது நிமிடம் என்றால் இரண்டு மணி நேரம். ஐம்பது நாளில் நூறு மணி. டேண்டம் கிளைடருக்கு நூறு மணி நேரத்துக்கோ ஆண்டுக்கோ ஒருமுறை, எது முதலில் வருகிறதோ அப்போது, பரிசோதனை செய்வது நல்ல வழக்கம். ஆக, செப்டம்பர் 15இல் தொடங்கியவருக்கு நவம்பர் ஆரம்பத்தில் கெடு வந்துவிடும். பரிசோதனையில் துணி காற்றை எவ்வளவு கசியவிடுகிறது, கயிறு எத்தனை கிலோவில் அறுகிறது, கயிற்றின் நீளம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். வெள்ளை டைனீமா கயிறு நாளடைவில் சுருங்கும், அரமிட் கயிறு மடிந்து மடிந்து பலம் குறையும். பின்வரிசைக் கயிறுகள் சில சென்டிமீட்டர் சுருங்கினாலே கிளைடர் எழ மறுக்கும், மெதுவாகும், நின்று விழும் நிலைக்கு அருகில் போகும். பைலட் காற்றைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார். ரிசர்வ் பாராசூட்டையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிரித்துக் காயவைத்து மடிக்க வேண்டும். ஈரத்தில் மடித்துக் கிடந்த ரிசர்வ் திறக்க நேரமெடுக்கும், தாழ்வான உயரத்தில் அந்த நேரம் கிடைக்காது.

கே: மலை வேண்டாம், வர்க்கலா கடற்கரையில் பறந்தால் பயமில்லைதானே? (தென்காசி வாசகி)

ப: குலுக்கல் குறைவு, உயரம் குறைவு. இரண்டாவதுதான் சிக்கல். செங்குன்றில் மோதி மேலெழும் கடற்காற்று சீரானது, அதனால் சுகமாக இருக்கும். ஆனால் ஏதாவது கோளாறு நடந்தால் ரிசர்வ் திறந்து நிரம்ப வேண்டிய உயரம் அங்கே பெரும்பாலும் இல்லை. கீழே தென்னை, மின்கம்பி, விளக்குக் கம்பம், கூட்டம், அலை. 2023 மார்ச்சில் வர்க்கலாவில் ஒரு டேண்டம் கிளைடர் உயர்கோபுர விளக்கில் சிக்கி, பைலட்டும் பயணியும் வெகுநேரம் தொங்கியபின் மீட்கப்பட்டார்கள். கடலுக்கு மேல் பறக்கும் இடங்களில் மிதவைச் சட்டை தருகிறார்களா, தண்ணீரில் இறங்கினால் எந்தப் பக்கிளை முதலில் கழற்ற வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். நனைந்த கிளைடரை அலை இழுக்கும், கயிறு காலைச் சுற்றும்.

கே: என் மெடிக்ளைம் பாலிசி போதாதா? அம்மாவுக்கு 66 வயது, அவரையும் அழைத்துப் போகலாமா? (திருச்சி வாசகர்)

ப: பாலிசியின் விலக்குப் பட்டியலில் 'சாகச விளையாட்டு' இருக்கிறதா என்று பாருங்கள். பல பாலிசிகளில் இருக்கும். இருந்தால் தனியாக அதற்கான காப்பீடு எடுக்க வேண்டும். பறக்கும் நிறுவனம் 'இன்ஷூரன்ஸ் உண்டு' என்றால் அது பயணிக்கா, பைலட்டுக்கா, எவ்வளவு தொகை என்று தாளில் காட்டச் சொல்லுங்கள். அம்மாவின் விஷயத்தில் வயதைவிட உடல்நிலை முக்கியம். இருபது மீட்டர் சரிவில் ஓட முழங்கால் ஒத்துழைக்குமா என்பதுதான் கேள்வி. இதயக் கோளாறு, வலிப்பு, அண்மையில் அறுவைசிகிச்சை, எலும்புத் தேய்வு இருந்தால் வேண்டாம். கர்ப்பிணிகளும் தவிர்க்க வேண்டும். முழங்கால் மட்டும் பலவீனம் என்றால், காற்று 15 கி.மீ. அளவில் சீராக அடிக்கும் நேரம்வரை காத்திருக்கச் சம்மதிக்கும் பைலட்டைப் பாருங்கள். அப்போது நாலைந்து அடியில் எழுந்துவிடலாம். அந்தக் காற்று அன்று வரவில்லையென்றால் அம்மா ஜீப்பிலேயே இறங்கட்டும்.